சந்தா கட்டிய பையனும் 'இலவச' விளையாட்டும்

இணைய விளையாட்டுக்கு மாதாமாதம் சந்தா கட்டுவது காசைக் கரியாக்கும் வேலை என்று அமெரிக்கப் பெற்றோர் பலர் ஒரு காலத்தில் புலம்பினார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். 2004 நவம்பரில் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டுக்கு மாதம் 14.99 டாலர். அன்று அங்கே மத்திய அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலர். அதாவது ஏறக்குறைய மூன்று மணி நேர உழைப்பு! பள்ளிப் பையனிடம் கிரெடிட் கார்டு ஏது? பக்கத்து வீட்டுப் புல்லை வெட்டினான், பிறந்தநாள் காசைச் சேர்த்தான், கடையில் 60 நாள் அட்டையை வாங்கினான். (அப்பாவின் கார்டை நீட்டியவர்களும் உண்டு, யார் இல்லையென்றது?) அதுவும் கட்டுப்படியாகாதவன் மாதம் 5 டாலரில் 'ரூன்ஸ்கேப்' ஆடினான். அதற்கும் வழியில்லாதவன் அதன் இலவசப் பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். காசு தீர்ந்தால் கதவு மூடிவிடும். இதையா கெட்ட பழக்கம் என்றார்கள்?

பிறகு 'இலவச' விளையாட்டுகள் வந்தன. 14.99 டாலருக்கு முகம் சுளித்தவர்கள் கார்டு எண்ணைத் தட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். பிள்ளைகள் அனுமதியில்லாமல் செயலிகளுக்குள் வாங்கித் தள்ளிய விவகாரத்தில், 2014-ல் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித்தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 'ஃபோர்ட்நைட்'டின் எபிக் நிறுவனத்தின் மீதும் இதே புகார். குழப்பும் பொத்தான்களை வைத்து, வேண்டாததையெல்லாம் வாங்க வைத்தது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. 2022-ல் அது ஒப்புக்கொண்ட தொகை 24.5 கோடி டாலர். எத்தனை புல்வெளி வெட்டினால் இது சேரும்?