ஒரே ரத்தம், ஒரே வேலை அல்ல

சாத்தான்குளத்துத் தேரிக்காட்டில் பனையோடு புழங்குவோருக்குத் தேள் புதிதல்ல. "கொட்டினது தேள், பிரஷர் மாத்திரை எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உடம்பெங்கும் ஓடுவது ஒரே ரத்தம், ஆகவே ஒரு மருந்துக்கு ஒரே வேலைதான் என்பது அவர்கள் நம்பிக்கை. அது தவறு, ஆபத்தான தவறு.

ரத்தம் ஒன்றுதான். ஆனால் பல மருந்துகள் வேலை செய்வது திசுக்களில் அவை சென்று பற்றும் இடங்களான ஏற்பிகள் வழியாக. பயந்தால் சுரக்கும் அட்ரீனலின் தோலின் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது, இதயத்தை விரட்டுகிறது. இதை ஆராய்ந்த அமெரிக்கர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இருவகை என்று 1948இல் எழுதினார். பீட்டாவும் பின்னர் இரண்டானது: இதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1, மூச்சுக்குழாயில் பீட்டா-2.

இனி தேளுக்கு வருவோம். செந்தேளின் விஷம் நரம்பு முனைகளைத் தூண்டி அட்ரீனலினையும் அதன் இனத்தானான நாரட்ரீனலினையும் கொட்டவைக்கிறது. ஆல்பா ஏற்பிகள் ரத்தக்குழாய்களை இறுக்க, கைகால் சில்லிடுகிறது; எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் தளர்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. மகாராஷ்டிரத்தின் மகாடு என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ஆல்பாவை மட்டும் தடுக்கும் பிராசோசின் என்ற பிரஷர் மாத்திரையைக் கொடுத்து உயிர்களைக் காத்தார். 1986இல் லான்செட் இதழில் எழுதினார். 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். பீட்டாவைத் தடுப்பதும் பிரஷர் மாத்திரைதான். ஆனால் இங்கே அதைக் கொடுத்தால், இறுக்கம் அப்படியே இருக்க, இதயத்தின் வலு மட்டும் குறையும். சிற்றூர் மருத்துவர் ஒருவரின் இந்தத் தெளிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

"அண்ணனுக்குக் கேட்ட மாத்திரை எனக்கும் கேட்கும்" என்பது அடுத்த வாதம். படபடப்புக்குத் தரும் புரோபிரனலால் இதயத்தின் பீட்டா-1ஐ மட்டுமல்ல, மூச்சுக்குழாயின் பீட்டா-2ஐயும் அடைக்கும். அண்ணனுக்கு ஆறுதல் தந்த அதே மாத்திரை, ஆஸ்துமா உள்ள தம்பியின் மூச்சையே அடைத்துவிடலாம்.

ஆஸ்துமா இளைப்புக்கு, மூச்சுக்குழாயின் பீட்டா-2ஐத் தூண்டும் சால்பியூட்டமாலை இழுத்தபின் கை நடுங்கினால் "மருந்து ஒத்துக்கவில்லை" என்று நிறுத்துகிறார்கள். கைத்தசையிலும் பீட்டா-2 உண்டு, அவ்வளவுதான்.

இளைப்பு உண்டென்றால் எந்த மாத்திரைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். தேள் கொட்டி வியர்த்துக் கைகால் சில்லிட்டால் மந்திரிக்க நிற்காமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பிராசோசினை வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் திடீரென இறங்கிவிடும்.