தாழிக்குள் உயிரோடு யாரையும் வைக்கவில்லை

சேலம், நாமக்கல் பக்கம் கிணறு வெட்டும்போதோ வீட்டுமனைக்கு நிலம் நிரவும்போதோ மண்ணுக்குள்ளிருந்து பெரிய பானை தலைகாட்டினால் போதும், கூட்டம் கூடிவிடும். அதில் ஒருவராவது அந்தக் கதையைச் சொல்லாமல் போகமாட்டார்: "அந்தக் காலத்துல ஆளுங்களுக்குச் சாவே வராதுங்க. நூத்தம்பது, எரநூறு வயசு வரைக்கும் கெடப்பாங்க. ஒடம்பு சுருங்கிக் கைக்கொழந்தையாட்டம் ஆயிரும். சோறும் தண்ணியும் வெளக்கும் வெச்சு, தாழியில உக்கார வெச்சு மூடிருவாங்க."

பாட்டி சொன்னாள், வாத்தியார் சொன்னார், இப்போது யூடியூபில் பின்னணி இசையோடு சொல்கிறார்கள். எத்தனை வாய் மாறினாலும் பொய் பொய்தான்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். வயதானால் முதுகெலும்பின் வட்டுகள் தேயும், கூன் விழும், உயரத்தில் சில அங்குலம் குறையும். அவ்வளவுதான். மண்டையோடும் தொடையெலும்பும் குழந்தை அளவுக்குச் சுருங்குவதில்லை. தாழிகள் பலவற்றில் முழு உடலே கிடையாது. இறந்தவரின் சதை மட்கிய பிறகு மண்டையோடு, கை கால் எலும்புகள் எனச் சிலவற்றை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். உயிரோடு உட்காரவைத்தவரின் மீதி எலும்புகள் எங்கே போயின?

சில தாழிகளில் முழு எலும்புக்கூடு குந்திய நிலையில் இருப்பது உண்மை. கதை சொல்கிறவர்கள் இதைத்தான் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். பிணத்தை உட்காரவைத்துப் பாடையில் தூக்கிப்போகும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் பல சமூகங்களில் இருக்கிறது. அதைப் பார்த்து, பாடையில் இருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் 2020 அகழாய்வின்போது குழந்தைகளின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. "அதுதான் சுருங்கிய கிழவர்" என்று வாதாட வழியில்லை. பால்பல்லும், முனை ஒட்டாத எலும்பும் கிழவருக்கு இருக்காது.

நம் பக்கத்தில் தாழியோடு கல்லறைகளும் உண்டு. நான்கு பலகைக் கல்லைச் சதுரமாக நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, ஒரு பக்கக் கல்லில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே இருந்தவருக்குச் சோறு கொடுத்தார்கள் என்பது கதையின் கல்பதிப்பு. கல்பதுக்கை எனப்படும் இந்தக் கல்லறை நிலத்துக்குள் இறக்கிக் கட்டியது. துளையை இன்னொரு கல்லால் அடைத்து, மண்ணும் சிறுகல்லும் கொட்டி மூடி, சுற்றிலும் கல்வட்டம் வைத்தார்கள். மூடிய மண்ணுக்கு அடியில் இருக்கும் துளை வழியாக யார் சோறு ஊட்டுவது?

மேட்டூர் வட்டாரத்துக்கு வாருங்கள். தெலுங்கனூரிலும் மாங்காட்டிலும் ஈமச்சின்னங்களிலிருந்து இரும்பு வாள்கள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' நூல் மாங்காட்டு வாளின் காலத்தைக் கி.மு. 1604–1416 என்றும், தெலுங்கனூர் வாளின் காலத்தைக் கி.மு. 1435–1233 என்றும் தருகிறது. தெலுங்கனூர் வாள் உயர்கரிம எஃகு. ஊதுலையில் வியர்வை சிந்தி எடுத்த எஃகை, வீட்டுக்குப் பாரமென்று கழித்துக்கட்டும் ஆளுக்குப் பக்கத்தில் எவனாவது வைப்பானா? அது இறந்த வீரனுக்குச் செய்த மரியாதை.

"தானியம் இருந்ததே, அது சாப்பிடத்தானே?" என்பார்கள். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டிய கல்லறை ஒன்றில், நான்கு கால் சாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. உமி நீக்காத நெல் அது. உயிரோடு இருப்பவருக்குச் சோறு வைப்பார்களா, நெல் வைப்பார்களா? இன்றும் நாம் பிணத்துக்கு வாய்க்கரிசி போடுகிறோம். அவர் மென்று தின்பார் என்று நினைத்தா போடுகிறோம்?

இலக்கியமும் இதைத்தான் சொல்கிறது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது புறநானூற்றின் 228-ஆம் பாட்டு. இவ்வளவு பெரிய மன்னனைக் கவிக்கத் தாழி வனைவது எப்படி என்று குயவனிடம் இரங்கிக் கேட்கிறார் புலவர். தாழி, செத்த மன்னனுக்கு.

சேலத்தில் இருந்த மாரிஸ் பிலிப்ஸ் பாதிரியார் இம்மாவட்டப் புதைமேடுகளைப் பற்றி 1873-லேயே எழுதிவிட்டார். நூற்றைம்பது ஆண்டாகியும் நாம் கிழவர் கதையையே அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

போகட்டும், சுவையான கதைதானே என்று விட முடியாது. பெற்றவர்களை உயிரோடு புதைத்தவர்கள் என்று முன்னோர் மேல் கொலைப்பழி போடுகிறது இந்தக் கதை. அதைவிடப் பெரிய கேடு, இது கேள்வியை அடைத்துவிடுகிறது. 'என்ன இது?' என்பதற்கு விடை முன்பே தெரிந்துவிட்டதால் யாரும் தொல்லியல் துறையைக் கூப்பிடுவதில்லை. தங்கம் இருக்குமோ என்று பானையை உடைத்துப் பார்க்கிறார்கள். இல்லையென்றதும் பொக்லைன் மறுபடி ஓடத் தொடங்குகிறது. தாழிக்குள் இருந்த மண், கரித்துண்டு, விதை, பல் எல்லாம் லாரியில் போய்விடுகின்றன. காலத்தையும் உணவையும் நோயையும் சொல்லக்கூடியவை அவைதாம்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் காட்டில் பானை தெரிந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள், எலும்பைக் கழுவாதீர்கள். இருக்கிற நிலையிலேயே படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். மண்ணில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கூட்டத்தில் யாராவது கிழவர் கதையை ஆரம்பித்தால், அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.