கொலுப்படிக்குக் கீழே ஒரு கண்மாய்

நவராத்திரிக்குக் கொலு பார்க்க வரும் பெரியவர்கள் மேல்படியில் இருக்கும் சாமி பொம்மைகளைப் பார்ப்பார்கள். குழந்தைகளின் கண் போவதோ படிக்குக் கீழே இருக்கும் ‘பார்க்’குக்கு. ஒரு வாரம் முன்பே தாம்பாளத்தில் மண் பரப்பி, கேழ்வரகோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்து வைத்தால், முதல் நாளன்று பச்சைப் புல்வெளி தயார். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகிவிடும். பேஸ்ட் மூடி வாளியாகும். தீக்குச்சி வேலியாகும். செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், கிராமத்துச் சந்தை என்று குட்டிக் குட்டிக் காட்சிகள் அங்கே குடியேறும்.

இப்படி ஒரு காட்சியைச் சின்ன அளவில் முப்பரிமாணமாகச் செய்து வைப்பதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் டியோரமா. அந்தச் சொல் பிரபலமானது பாரீஸில். 1822-ல் லூயி டாகேர் அங்கே ஓர் அரங்கம் கட்டி, பிரம்மாண்டமான திரை ஓவியங்கள்மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி மக்களை வாய் பிளக்க வைத்தார். பிறகு அந்தப் பெயர் மியூசியங்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கும் காட்சிகளுக்கு வந்து சேர்ந்தது. நம் வீட்டுப் பாட்டிகள் பெயர் எதுவும் வைக்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

அழகுக்காகச் செய்யும் இந்தக் குட்டிக் காட்சியை ஊர்ப் பிரச்னையைப் பேச வைக்கவும் பயன்படுத்தலாம். தண்ணீர் சேமிப்பு, பிளாஸ்டிக், விவசாயம் என்று தீம் வைத்துக் கொலு அமைப்பது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. கொலு வைக்கும் வழக்கம் இல்லாத வீடுகளுக்குப் பள்ளிக்கூடக் கண்காட்சி இருக்கிறது. இதைச் செய்து பார்க்கக் கோவில்பட்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

திரைச்சீலையின் ஊர்

தமிழ்நாட்டின் பூஜையறைச் சுவர்களில் தொங்கிய காலண்டர் சாமிப் படங்களில் பெரும்பங்கு ஒருவருடைய தூரிகையிலிருந்தும் அவருடைய சீடர்களிடமிருந்தும் வந்தது. அவர் சி.கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். 1940-களில் அவர் இருந்த கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1976-ல் மறையும்வரை இந்த ஊர்தான் அவருடைய முகவரி. பக்கத்துச் சிவகாசியின் அச்சகங்கள் அந்தப் படங்களை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தன.

நாடகத் திரைச்சீலையின் சூட்சுமம் டியோரமாவுக்கும் பொருந்தும். சில அடி ஆழமுள்ள மேடையில் பல மைல் தூரத்தைக் காட்ட வேண்டும். அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் வெளிறிய நிறத்திலும் எழுதுவார்கள். செருப்பு வாங்கிவந்த அட்டைப்பெட்டியைப் படுக்க வைத்து ஒரு பக்கத்தைத் திறந்தால் அதுவும் ஒரு மேடை. மனிதப் பொம்மை 2 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 50 அடிப் பனைமரம் 18 அங்குலத்துக்கு வளர்ந்து பெட்டியை முட்டும். அதனால் பனையைப் பின்சுவரில் சின்னதாக வரைந்துவிட வேண்டியதுதான். பார்ப்பவர் கண் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

குட்டியாக இருந்தால் குனிந்து பார்ப்பார்கள்

ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஐசக் கோர்டல், கோட் சூட் போட்ட வழுக்கைத் தலை மனிதர்களைச் சிமென்ட்டில் சாண் உயரத்துக்குச் செய்து தெருவோரங்களில் வைத்துவிடுவார். 2011-ல் பெர்லின் நகரத்தில் அவர் வைத்த ஒரு காட்சியில், கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி அவர்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் போட்டோ, ‘புவி வெப்பமடைவது பற்றித் தலைவர்கள் விவாதிக்கிறார்கள்’ என்ற பெயரில் உலகம் முழுக்க ஷேர் ஆனது. அந்தத் தலைப்பை வைத்தது இணையத்தில் பார்த்தவர்கள்தான்.

அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1940-களில் செய்தது இன்னும் விசேஷம். மரணம் நடந்த வீடுகளை, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அச்சு அசலாகச் செய்தார். பொம்மையின் காலுறையைக்கூட ஊசியால் பின்னினார். போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி தருவதற்காக இந்த ஏற்பாடு. கொலையா, தற்கொலையா, விபத்தா என்று காட்சி சொல்லாது. பார்ப்பவர்தான் உற்றுப் பார்த்து யோசிக்க வேண்டும்.

இருவரிடமும் எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. செய்தவர் பதிலைச் சொல்லாமல் விட்டால் பார்ப்பவர் பேச ஆரம்பிக்கிறார். ‘நீரின்றி அமையாது உலகு’ என்று அட்டையில் எழுதி வைத்தால், “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

கரிசல் மண்ணே கதை சொல்லும்

ஒரு கண்மாய் செய்து பார்க்கலாம். பெயின்ட், தெர்மகோல் எல்லாம் அப்புறம். முதலில் வேண்டியது இரண்டு கைப்பிடி கரிசல் மண்.

கட்டிகளை உடைத்து, கல்லும் வேரும் போகச் சலித்து, இட்லி மாவு பதத்தில் கரைத்து, 2 அங்குல ஆழமுள்ள தட்டில் ஊற்ற வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு சின்னத் தட்டில் செவல் மண்ணையும் அதே மாதிரி கரைத்து ஊற்றி வைக்கலாம். கொலு தொடங்கும் அன்று இரண்டும் ஈரமாக, வழவழப்பாக இருக்கும். நாட்கள் போகப் போகக் கரிசல் தட்டில் கோடு விழும். கோடு பிளவாகும். கடைசியில் தட்டு முழுக்கப் பாளம் பாளமாக வெடித்து நிற்கும். செவல் மண் அந்த அளவுக்கு வெடிக்காது.

காரணம் கரிசலில் உள்ள களிமண். தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் இந்தப் பக்கத்துக் காடுகளில் கை நுழையும் அளவுக்கு நிலம் வாய் பிளந்து கிடப்பது இதனால்தான். குடித்த ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பதும் இதே குணம்தான். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த ஈரத்தை நம்பியே பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி என்று மானாவாரி வெள்ளாமை நடக்கிறது. இந்த மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்கென்று 1901-லேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டுவிட்டது. ஆக, தட்டில் விழும் வெடிப்பை ஒரே சமயத்தில் வறட்சி என்றும் படிக்கலாம், இந்த மண்ணின் சாமர்த்தியம் என்றும் படிக்கலாம்.

இனி கண்மாய். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருக்கும்படி அகலமான தாம்பாளத்தில் மண்ணை அணைக்க வேண்டும். நடுவே பிறை வடிவில் கரை. மேட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், விரலால் இழுத்த ஒரு கோடு. வயலுக்குத் தண்ணீர் விடும் மடைக்கு இரண்டு சின்னக் கற்கள், நடுவில் ஸ்ட்ரா துண்டு. மிஞ்சிய தண்ணீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் கலுங்குக்கு ஒரு தட்டைக் கல். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் செய்யும் கொலு பொம்மைகளில் ஒரு விவசாயியும் இரண்டு மாடும் கிடைத்தால் ஜோர். கிடைக்காவிட்டால் களிமண்ணில் பிள்ளைகளே பிடிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. வரத்துக்காலின் குறுக்கே தீப்பெட்டியில் செய்த ஒரு குட்டி வீட்டை வைத்துவிட வேண்டும். எதுவும் எழுத வேண்டாம். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஸ்பூனும் இருந்தால் போதும்.

ஓர் ஆச்சி வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“என்ன தாயி, கண்மாய் காஞ்சு கெடக்கு?”

“நீங்களே ஊத்துங்க ஆச்சி.”

ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றிய தண்ணீர் குட்டி வீட்டில் முட்டி, பக்கவாட்டில் ஓடித் தாம்பாளத்துக்கு வெளியே வழிகிறது. ஆச்சி ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகு தன் ஊர்க் கண்மாய்க்கு எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வந்தது, கலுங்கு எந்த மாசம் மறுகால் பாய்ந்தது, அதில் யார் மீன் பிடித்தார்கள் என்று ஆரம்பிப்பார். கோவில்பட்டிக் குழாயில் வருவது சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வரும் தாமிரபரணித் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு முன்னால் இந்த ஊர் எதைக் குடித்தது என்று பேரன் கேட்கலாம். அந்தக் கேள்வி வந்துவிட்டால் தாம்பாளம் தன் வேலையைச் செய்துவிட்டது.

முள்மரத்தை எங்கே வைப்பது?

கண்மாய் என்றால் உள்வாயில் சீமைக்கருவேலம் இல்லாமலா? காய்ந்த துளசிக் குச்சிகளை நெருக்கமாகக் குத்தினால் முள்காடு வந்துவிடும். பக்கத்தில் ஒரு கோடாலி வைத்து ‘வெட்டுவோம்’ என்று எழுதத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் இது. கண்மாயை அடைக்கிறது, மற்றதை வளரவிடுவதில்லை என்ற கோபம் நியாயமானது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னது, பொக்லைன்கள் இறங்கின. அதே ஆண்டு வெட்டுவதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. இந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் உலை வைக்கின்றன. மழை பொய்த்த வருஷத்தில் விவசாயியின் கைக்கும் காசு தந்தது இந்த முள்ளின் விறகும் கரியும்.

கொலு பார்க்க வருபவர் கரி மூட்டத்தில் வேலை பார்த்து வளர்ந்தவராக இருக்கலாம். கோடாலியை மட்டும் பார்த்தால் அவர் வாயைத் திறக்காமல் எழுந்து போய்விடுவார். முள்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரி மூட்டத்தையும் வைத்துவிட்டால் கதை வேறு. ஒரு கைப்பிடி மண் குவியல், மேலே புகைக்குக் கொஞ்சம் பஞ்சு, ஓரத்தில் பொடி சாக்கு மூட்டை இரண்டு. ‘வெட்டினா இவங்க என்ன செய்வாங்க?’ என்று ஒருவர் கேட்பார். ‘வெட்டாட்டி கண்மாய் என்ன ஆகும்?’ என்று இன்னொருவர் கேட்பார். இரண்டும் ஒரே தாம்பாளத்தில் இருக்கும்.

தீப்பெட்டிக்குள் ஒரு புத்தகப் பை

கோவில்பட்டியில் செய்ய வேண்டிய இன்னொரு காட்சிக்குப் பெட்டிகூடத் தேட வேண்டாம். ஒரு காலித் தீப்பெட்டி போதும். உள்பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினால் ஓர் அறை. மருந்து இல்லாத குச்சிகளை வரிசையாக ஒட்டினால், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் கட்டை. அதன் முன்னால் பொம்மை வேண்டாம். அரிசி அளவில் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு, சுவரோரம் ஒரு புத்தகப் பை.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டித் தயாரிப்பைக் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாத தொழில்களில் சேர்த்தது. சிவகாசித் தீப்பெட்டிக் குழந்தைகளுக்காக எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தக் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. அந்தச் சின்னச் செருப்பைப் பார்த்ததும், மகளிடம் இதுவரை சொல்லாத ஒரு கதை ஒரு தாய்க்கு ஞாபகம் வரலாம். சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். “நீங்களும் போனீங்களா?” என்று நாலு பேர் நடுவில் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

இங்கேயும் இரண்டாவது பக்கம் உண்டு. 14 வருஷம் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1-ல்தான் இரண்டு ரூபாய் ஆனது. இன்று அந்த ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் கூலியில்தான் பல பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். பெட்டியின் வெளிப்பக்க லேபிளைக் கிழிக்காமல் அப்படியே விட்டால், அந்தப் பெருமையும் காட்சியில் இருக்கும்.

செய்வதற்கு முன்

ஒரு தாம்பாளத்துக்கு ஒரு விஷயம் போதும். தண்ணீர், பிளாஸ்டிக், காற்றாலை, குழந்தைத் திருமணம் என்று எல்லாவற்றையும் திணித்தால் கண் எங்கும் நிற்காது. உலகப் படத்தைவிட உங்கள் ஊர்க் கண்மாயும் உங்கள் தெருக் குழாயடியும் மேல். தீக்குச்சி எடுத்தால் மருந்துத் தலையைப் பெரியவர்கள் கிள்ளி, தண்ணீரில் நனைத்துவிட்ட பிறகே பிள்ளைகள் கையில் தர வேண்டும். விளக்கு எரியும் இடத்திலிருந்து அட்டையும் பஞ்சும் தள்ளியே இருக்கட்டும். பார்க்க வந்தவர் முதலில் பேசட்டும், செய்தவர் பிறகு பேசலாம்.

விஜயதசமி முடிந்து பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றும் நாளில், வெடித்துக் கிடக்கும் கரிசல் தட்டைக் கொட்டிவிட வேண்டாம். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். மண் தண்ணீரைக் குடித்து உப்பும், பிளவுகளின் வாய் மெல்ல மூடத் தொடங்கும். பிறகு அதை ஒரு தொட்டிக்கு மாற்றி நாலு கம்பு விதை ஊன்றிவிடலாம். வெளியே காடுகளிலும் விதைப்புக் காலம்தான்.