நம் கைக்கு வராத வசனங்கள்





டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையின் முடிவில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது நம் சபைகளில் நெடுநாளைய வழக்கம். ஆசீர்வாதம், சுகம், பெருக்கம், பாதுகாப்பு, சத்துருக்கள் விலகுதல் ஆகியவற்றைக் குறித்த வசனங்களே அச்சீட்டுகளில் இருக்கின்றன. எடுத்தவர்கள் அதை வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் பணப்பையிலும் வைத்துக்கொள்கிறார்கள். அவையும் தேவனுடைய வார்த்தையே. அவ்வழக்கத்தை நிறுத்தவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை.

ஆயினும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று ஐசுவரியவானிடம் இயேசு சொன்ன வார்த்தை உங்களில் யாருக்கேனும் அந்தத் தட்டிலிருந்து வந்ததுண்டா? காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் விட்டுவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி அவர் இட்ட கட்டளை யாருடைய சீட்டிலாவது இருந்ததுண்டா? அச்சகத்தார்மேல் குற்றமில்லை. வாங்குகிறவர்கள் விரும்புவதையே அவர்கள் அச்சிடுகிறார்கள்.

கிறிஸ்தவ வாழ்வின் மையம் இயேசுவுக்குச் செவிகொடுப்பதே என்று சொன்னால் நம்மில் ஒருவரும் மறுக்கமாட்டோம். ஆனால் செவிகொடுத்தல் என்பதை நாம் எவ்வாறு விளங்கிக்கொண்டிருக்கிறோம்? மனம் கலங்கிய வேளையில் ஆறுதலான ஒரு குரலைக் கேட்பது, தீர்மானம் எடுக்கவேண்டிய வேளையில் ஓர் அடையாளத்தைப் பெறுவது என்ற அளவோடு நின்றுவிடுகிறோம். சுவிசேஷங்கள் அதனினும் கடினமான ஒன்றைச் சொல்லுகின்றன என்பதே என் கருத்து.

மாற்கு 9ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உயர்ந்த மலையின்மேல் இயேசு மறுரூபமாகிறார். மோசேயும் எலியாவும் காணப்படுகிறார்கள். பேதுரு மூன்று கூடாரங்கள் போடலாம் என்கிறான். தான் சொல்லுவது இன்னதென்று அறியாமல் பேசினான் என்று மாற்கு சற்றும் தயங்காமல் எழுதுகிறார். அப்போதுதான் மேகத்திலிருந்து பிதாவின் சத்தம் உண்டாகி, தம்முடைய நேச குமாரனுக்குச் செவிகொடுக்கும்படி கட்டளையிடுகிறது.

இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது மலையின் மகிமையைக் குறித்தே மிகுதியாகப் பேசுகிறோம். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் மாற்கு குறிப்பிடும் ஆறு நாட்களை விட்டுவிடுகிறோம். ஆறு நாளைக்கு முன்பு நடந்தது என்ன? மனுஷகுமாரன் பாடுபட்டுக் கொல்லப்படவேண்டும் என்று இயேசு முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னார். பேதுரு அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொண்டான். ஆகவே மேகத்திலிருந்து வந்த கட்டளை பொதுவானதோர் அறிவுரை அன்று. இயேசுவின் வார்த்தைகளில் எதைப் பேதுரு கேட்க மறுத்தானோ, அதற்கே அவன் செவிகொடுக்கவேண்டும். பேதுரு இயேசுவின் எல்லா வார்த்தைகளையும் தள்ளிவிடவில்லை. அற்புதங்களைக் குறித்தவை அவனுக்குப் பிரியமே. சிலுவையைக் குறித்த ஒன்றைத்தான் தள்ளினான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மலையில் பேதுருவோடு நின்றவர்கள் யாக்கோபும் யோவானும். பரலோகத்தின் சத்தத்தைத் தங்கள் காதுகளாலேயே கேட்ட அவ்விருவர்தாம், அடுத்த அதிகாரத்தில் இயேசுவினிடத்தில் வந்து, அவருடைய மகிமையில் வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் ஆசனம் கேட்கிறார்கள். அதற்குச் சற்று முன்புதான் மூன்றாம் முறையாகத் தம் மரணத்தைக் குறித்து அவர் சொல்லியிருந்தார். சத்தம் காதில் விழுவது வேறு, செவிகொடுப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

நம் தாய்மொழி இவ்விஷயத்தில் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. தமிழில் கேள் என்னும் ஒரே சொல் காதால் கேட்பதற்கும் வாயால் வினவுவதற்கும் உரியது. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஒரு தாய் முறையிடும்போது, அவன் செவிடன் என்பது பொருளல்ல. கீழ்ப்படியவில்லை என்பதே பொருள். எபிரெயரின் ஷெமா என்னும் சொல்லிலும் இவ்விரு பொருள்களும் இணைந்தே நிற்கின்றன. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லும் கேட்டலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. திருவள்ளுவர் தம் நூலின் 42ஆம் அதிகாரம் முழுவதையும் கேள்விக்கென்றே ஒதுக்கினார். கேட்பதைக் கல்விக்கு நிகரான ஒழுக்கமாகப் போற்றிய மண் இது. இந்த மண்ணின் கிறிஸ்தவர்களாகிய நாம் ஆலயத்தில் பேசுவதற்கும் பாடுவதற்கும் ஒதுக்கும் நேரத்தில் எத்தனையில் ஒரு பங்கைக் கேட்பதற்கு ஒதுக்குகிறோம்? வேதபாடம் வாசிக்கப்படும் நேரந்தான் தாமதமாய் வருகிறவர்கள் இடம் தேடி அமரும் நேரமாக இருக்கிறது.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் மாலை வேளையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தேனி, பெரியகுளம், திண்டுக்கல், கோயம்புத்தூர், சேலம் என்று ஒவ்வொரு நடத்துநரும் உரத்துக் கூவிக்கொண்டிருப்பார். தேனிக்குப் போகிறவர் காதில் தேனி மட்டுமே விழும். மற்றவை வெறும் இரைச்சல். பயணத்துக்கு இது நல்ல முறையே; போகுமிடத்தை முன்னமே தீர்மானித்துவிட்டவனுக்கு அவ்வளவு போதும். ஆனால் இயேசுவை இவ்விதமாய்க் கேட்க முடியாது. எங்கே போகவேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதல்லவோ பின்பற்றுதல்?

ஆண்டவர் என்னிடம் பேசினார் என்று சொல்லுகிறவர்கள் நம் நடுவில் பலர் உண்டு. அவர் இன்றும் பேசுகிறார் என்று நானும் விசுவாசிக்கிறேன். எனினும் ஒருவர் கேட்கும் சத்தம் ஆண்டுக்கணக்காய் அவருடைய விருப்பத்தோடு ஒருமுறையும் மாறுபடவில்லையென்றால், அவர் கேட்டுக்கொண்டிருப்பது தம்முடைய சொந்தக் குரலையே என்று எண்ண இடமிருக்கிறது.

இது தனிமனிதரின் ஜெபஅறையோடு முடிந்துவிடும் காரியமன்று. தமிழ்த் திருச்சபையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப்படவேண்டும் என்று நிருபம் எழுதினார். ஆலயத்தில் தனித்தனியே அமர்வதும், நற்கருணைப் பாத்திரத்தை யார் முந்திப் பருகுவது என்பதும் அந்நாளைய வழக்குகள். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது; பலர் சபையைவிட்டு விலகினர். எதிர்த்தவர்களின் முன்னணியில் நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர், பெத்லகேம் குறவஞ்சியைப் பாடியவர். தமிழ்க் கிறிஸ்தவர்களின் நாவில் இயேசுவின் நாமத்தை இனிமையாக்கியவர்களுள் அவருக்கு இணையானவர் சிலரே. அப்படிப்பட்ட பக்தருக்கும் ஒரு வாசல் அடைபட்டிருந்தது. பேதுருவைப் போலவே அவர் எல்லாவற்றையும் தள்ளவில்லை, ஒன்றைத்தான் தள்ளினார்.

மிஷனெரிமாரை இதனால் உயர்த்திப் பேச எனக்கு விருப்பமில்லை. சாதியைக் குறித்து இயேசுவின் வார்த்தையைக் கேட்டவர்களில் பலர், தங்கள் இனத்தின் மேட்டிமையையும் தங்கள் பேரரசையும் குறித்து அவர் சொல்லியிருக்கக்கூடியதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் மதுரைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனெரிமார் இங்கே பணி தொடங்கினர். 1847இல் அந்த மதுரை மிஷன், சாதியை வாயளவில் அல்ல, நடைமுறையிலேயே விட்டுவிடுவதுதான் மெய்யான பக்திக்கு அடையாளம் என்று தீர்மானித்தது. எப்படிச் சோதித்தறிவது? எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் அன்பின் விருந்து ஒரு சோதனையாயிற்று. உபதேசியார்கள் உட்படப் பலர் அப்போது விலகிப்போயினர். நேர்த்தியாகப் பிரசங்கித்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். பந்தி என்று வந்தபோதுதான் காது அடைத்துக்கொண்டது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், நமக்கு அருகிலுள்ள அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், அதே பந்தியைக் குறித்து ஒருவர் பாடவும் போதிக்கவும் செய்தார். பரட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு ஐயர் அவர். 2005ஆம் ஆண்டில் மறைந்தார். நாட்டுப்புற மெட்டுகளையும், தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையையும் அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒரே உலையில் பொங்கி, யாவரும் பகிர்ந்து உண்பதே நற்கருணையின் பொருள் என்பது அவருடைய இறையியலின் நடுநாயகம். அந்த இறையியல் சேரியிலும் வயலிலும் உழைக்கும் மக்களின் பேச்சையும் பாட்டையும் கேட்டதனால் உருவானது. சிறியரில் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக எண்ணுவேன் என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லியிருக்க, அச்சிறியரின் குரலுக்குக் காதை மூடிக்கொண்டு அவருடைய குரலை மட்டும் கேட்பது எங்ஙனம்?

இவையெல்லாம் பழங்கதை என்று சொல்லிவிட முடியுமானால் நலமாயிருக்கும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் மரித்தவர்களையும் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவரைக் குறித்து நீங்கள் செய்தித்தாளில் வாசித்திருப்பீர்கள். அது கத்தோலிக்கருடையது என்று நாம் ஆறுதல் கொள்ளவேண்டாம். நம் சபையாரின் திருமண விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். மறுபடியும் பிறந்த, ஜெபஜீவியமுள்ள மணமகன் தேவை என்று எழுதி, அதே வரியில் சாதியையும் குறிப்பிடுகிறார்கள். உலகனேரியில் 2004இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. திருச்சபைத் தேர்தல்களையும் சொத்துக்களையும் பற்றிய வழக்குகளோடு கிறிஸ்தவர்கள் அங்கேயும் போய் நிற்கிறார்கள். எதிராளியோடு வழியிலேயே மனம்பொருந்தும்படி இயேசு சொன்னது மலைப்பிரசங்கத்தில் இருக்கிறது. இரு தரப்பாரும் அதை மனப்பாடமாய் அறிவார்கள்.

செவிகொடுத்தல் என்றவுடன் மார்த்தாள் மரியாள் கதையை யாராவது எடுப்பார்கள். அக்கதை நம் ஆலயங்களில் பெரும்பாலும் சமையலறையில் நிற்கும் பெண்களைக் கடிந்துகொள்ளவே பயன்படுகிறது; எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. அசனப் பண்டிகையன்று விடியுமுன்னே வந்து காய் நறுக்குகிற சகோதரிகள் பிரசங்கத்தைப் பந்தலுக்குப் பின்னாலிருந்தே கேட்கிறார்கள். மரியாளுக்கு ஆண்டவர் காத்துக்கொடுத்த இடம் அவருடைய பாதத்தருகே, சீஷர் உட்காரும் இடம். அதை அவர்களுக்குக் கொடுக்க மனமிருந்தால், வாலிப ஐக்கியத்தாரும் மூப்பர்களும் அண்டா கழுவ முன்வரட்டும்.

இனி நம் சபையில் செய்யவேண்டியதைச் சொல்லுகிறேன். வரும் நான்கு வாரங்களும் வீட்டு ஜெபக்கூட்டங்களில் பிரசங்கம் இராது. லூக்கா 14ஆம் அதிகாரத்தை மாத்திரம் வாசிப்போம். விருந்து செய்கிறவன் தன் இனத்தாரையும் ஐசுவரியமுள்ள அயலாரையும் அல்ல, திரும்பச் செய்ய வழியற்றவர்களை அழைக்கவேண்டும் என்று இயேசு சொல்லும் பகுதி அதில் இருக்கிறது. ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். ஐந்து நிமிடம் எல்லாரும் மௌனமாயிருப்போம். பின்பு வேறொருவர் அதையே மறுபடி வாசிக்கட்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத மூத்தவர்கள் தாங்கள் கேட்டதைத் தங்கள் சொந்தப் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். இதில் எந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் ஒவ்வொருவரும் யோசித்துச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று ஒருவரும் சொல்லவேண்டாம். அதற்கு வேறு நாட்கள் இருக்கின்றன.

கூட்டங்கள் எந்த வீடுகளில் என்பதைச் செயலாளர் ஞாயிறன்று வாசிப்பார். சபைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் இதுவரை ஒரு கூட்டமும் நடவாத வீடுகளை முதலில் எடுத்துக்கொள்ளும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். அவ்வீட்டார் ஒரு வாய் காப்பி கொடுத்தால், மறுக்காமல் எல்லாரும் வாங்கிப் பருகுங்கள்.