நாய் சிரிப்பதில்லை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி நகரில் 1999இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள. சத்தம் போட்டு வாசிக்கப் பயப்படும் பிள்ளை, பழக்கிய நாய் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குக் கதை வாசித்துக் காட்டும். இருபது நிமிஷம் போல. நாயைக் கூட்டிவரும் தொண்டரும் திருத்துவதில்லை. பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால், 'இதுக்கு அந்த வார்த்தை புரியலை போலிருக்கு, நீ கொஞ்சம் சொல்லிக் குடேன்' என்பார். தெரியாதது நாய்க்குத்தான், பிள்ளைக்கல்ல என்று ஆகிவிடுகிறது. நல்ல உத்தி. இன்று பல நாடுகளில் நடக்கிறது. பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வருகிறதாம்.

வரட்டும். நாய்மேல நமக்கென்ன கோபம்? ஆனால் அந்தத் தன்னம்பிக்கையைப் பறித்தது யார் என்று எவனும் பேச மாட்டேனென்கிறான். வாசிக்கிற பிள்ளையைப் பாதியில் நிறுத்தி, நாக்கைக் குற்றம் சொல்லி, பக்கத்து பெஞ்சைச் சிரிக்கவைத்தது வகுப்பறை. நோய் பிள்ளைக்கு என்று சொல்லி மருந்தும் பிள்ளைக்கே கொடுக்கிறார்கள்.

அதே அமெரிக்காவில் 1830இல் வட கரோலினா, அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதையே குற்றமாக்கியது. எண்கள் மட்டும் சொல்லித் தரலாமாம்! எஜமானின் கணக்கு தப்பக் கூடாதல்லவா. 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்காமில் உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்த கறுப்பினப் பிள்ளைகளை எதிர்கொள்ள போலீஸ் கொண்டுவந்ததும் நாயைத்தான். நாய்க்கு நிறவெறி கிடையாது. கயிற்றைப் பிடித்த கைக்கு இருந்தது.

1979இல் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் ஒரு தீர்ப்பு வந்தது. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பள்ளி கணக்கில் எடுக்கவில்லை, அதனால் அவர்கள் வாசிப்பில் பின்தங்குகிறார்கள் என்று வழக்கு. நீதிபதி சார்லஸ் ஜாய்னர் ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சை அடையாளம் கண்டு, அதை வைத்து வாசிப்புச் சொல்லித்தர ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் திட்டம் போடச் சொன்னார். ஆக, பாடம் படிக்கவேண்டியவர் வாத்தியார்.

இங்கே கதை வேறா? சாதி இந்துப் பிள்ளைக்கு 'ழ' வராவிட்டால் அது வட்டார வழக்கு. சேரிப் பிள்ளைக்கு வராவிட்டால் பிறவிக் குறை. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் ஒதுங்கி உட்கார்ந்துதான் அம்பேத்கர் சதாராவில் படித்தார். 1927இல் அவர் மகாட் குளத்தில் இறங்கிய நாள்வரை, அங்கே மிருகம் தண்ணி குடிக்கலாம், நம்ம சனம் குடிக்கக் கூடாது. நாயைப் பக்கத்தில் சேர்ப்பது இந்த நாட்டில் பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வசதியான பள்ளிகள் நாய் வாங்கிக்கொள்ளட்டும்.

சேரியில் மாலைப்பள்ளி நடத்துகிற தோழர்களே, மாணவர்களே, நமக்கு நாய் வேண்டியதில்லை. பிள்ளை வாசிக்கும்போது இருபது நிமிஷம் குறுக்கே பேசாதீங்க. முதல்ல அதன் வீட்டுப் பேச்சிலேயே ஒரு கதை சொல்லச் சொல்லுங்க, அதை எழுதி அதையே வாசிக்கக் கொடுங்க. பாடப்புத்தகம் அப்புறம். எவனாவது சிரிச்சா வெளியே அனுப்புங்க, வாத்தியாரா இருந்தாலும் சரி.