வெள்ளியைப் பார்க்க ரெலஸ்கோப் வேண்டாம், ஆறரை மணி வேணும்

2025 ஜனவரியில 'கோள்களின் அணிவகுப்பு' எண்டு எத்தனை பேர் ஸ்டேட்டஸ் போட்டீங்கள்? ஒரே கோட்டில கோள்கள், சனிக்கு வளையமும் சேர்த்து. அதெல்லாம் கம்பியூட்டரில் செய்த படம். சனியின் வளையம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நெப்டியூனும் தெரியாது. உண்மையில் அந்த நாட்களில் பொழுதுபட்டதும் மேற்கே வெள்ளி, தலைக்கு மேலே வியாழன், கிழக்கே சிவப்பாகச் செவ்வாய் நின்றன. மூன்றையும் போனிலேயே எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கேல்ல?

கேட்டால் ரெண்டு பதில். "எங்களிட்ட ரெலஸ்கோப் இல்லை." "நாங்கள் ஆர்ட்ஸ், உது சயன்ஸ் பிள்ளையளின்ர வேலை." ரெண்டும் சாட்டு.

சூரியனையும் சந்திரனையும் விட்டால் வானத்தில் ஆகப் பிரகாசமான கோள் வெள்ளிதான். அது சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது. அதனால்தான் நடுச்சாமத்தில் எங்களுக்குத் தெரியாமல், சில மாதங்கள் விடியலிலும் சில மாதங்கள் அந்தியிலும் வருகிறது. 2023 மார்ச் 1ஆம் திகதி அந்தியில் வெள்ளியும் வியாழனும் கிட்டத்தட்ட அரைப் பாகை இடைவெளியில் நின்றன. அது ஒரு முழுநிலவின் அகலம். அதைப் பார்க்க எந்தப் பீடத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை.

படம் எடுக்கிறதும் பெரிய வித்தையில்லை. பொழுதுபட்டு அரை மணித்தியாலம் கழிய, போனை மதிலில் சாத்தி, மூன்று செக்கன் டைமர் போட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கோ. செம்மஞ்சள் அடிவானமும் பனையும் கோளும் ஒரே படத்தில் விழும். நல்லா இருட்டினால் அந்த நிறம் போய்விடும். கோள் ஒரு புள்ளியாகத்தான் வரும், சூம் பண்ணியும் பிரயோசனமில்லை. ஆனால் அது உங்கட ஊர்ப் பனைக்கு மேல், அன்றைக்கு நின்ற புள்ளி.

கட்டாயம் வேண்டியது அந்த நாற்பது நிமிசம் மட்டும்தான். அது ஆரிட்ட இருக்கு?

பொடியளிட்ட இருக்கு. மதகிலயும் கிரவுண்டிலயும் அவங்கள் நிக்கிற நேரம் அது. பெட்டையளுக்கு அது விளக்கு வைக்கிற நேரம், ஹொஸ்டல் கேற்றுக்குள் வரவேண்டிய நேரம். "பொழுதுபட்டாப் பிறகு வெளியில என்ன வேலை?" என்ற கேள்விக்கு "வெள்ளி பார்க்கிறன்" எண்டு சொல்லிப் பாருங்கோ. "ஆரடி அந்த வெள்ளி?" எண்டு கேப்பினம்.

காலம் சரியில்லையாம். ஊரடங்கு போட்ட ஊர்தான் இது, அந்தப் பயம் எங்கட அம்மாமாருக்கு சும்மா வரேல்ல. ஆனால் போர் முடிந்தது 2009இல். பெண்களுக்கு மட்டும் ஊரடங்கு இன்னும் எடுபடாமல் இருக்கிறது ஏன்? ரோட்டில தொல்லை குடுக்கிறவன் சுதந்திரமாய்த் திரிய, தொல்லைப்படுகிறவள் உள்ளே இருக்கவேணும் என்றால், அதுக்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. இருட்டுத்தான் பயம் என்றால் தெருவிளக்குக்குக் கீழ நில்லுங்கோ, அந்த வெளிச்சத்திலயும் வெள்ளி தெரியும்.

கழகங்கள் ரெலஸ்கோப் வாங்கக் காசு சேர்க்க முதல், ஹொஸ்டல் கேற்றை ஒரு மணித்தியாலம் பிந்திப் பூட்டச் சொல்லிக் கேளுங்கோ. அடுத்த முறை வெள்ளி மேற்கே வரும்போது படலைக்கு வெளியே வாங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவவுக்கும் அந்த நேரம் ஒருநாளும் கிடைச்சதில்லை.