அமோனியா நெடியும் கடன் வாங்கிய கணக்கும்

மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி நம்மில் பலருக்குத் தெரியும். தோட்டத்தில் பசு வளர்த்த தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த நெடிக்குக் காரணம் அமோனியா. பயிருக்குப் போய்ச் சேர வேண்டிய நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது என்று அது நமக்குச் சொல்கிறது.

எவ்வளவு போகிறது? ஐ.பி.சி.சி. எனப்படும் பருவநிலை மாற்றம் குறித்த அனைத்துலகக் குழு, 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கு ஓர் அட்டவணை தந்திருக்கிறது. கறவை மாட்டுக் கழிவைக் குழம்பாகச் சேமித்தால் நைட்ரஜனில் 40 விழுக்காடு வாயுவாக வெளியேறும். குவியலாக வைத்தால் 30 விழுக்காடு. அன்றாடம் அள்ளி வயலில் இட்டால் 7 விழுக்காடு. சொந்த அளவீடு இல்லாத நாடுகள் இந்த எண்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அதே வழிகாட்டி, சாணத்திலிருந்து வரும் மீத்தேனைக் கணக்கிடும்போது அந்தந்த வட்டாரத்தின் வெப்பநிலையைக் கேட்கிறது. நைட்ரஜன் இழப்புக்கோ குளிர்நாட்டுக்கும் வெப்பநாட்டுக்கும் ஒரே எண்ணைத் தருகிறது.

வேதியியல் வேறு கதை சொல்கிறது. காரத்தன்மை மாறாமல், குழம்பின் வெப்பநிலை மட்டும் 10 டிகிரி செல்சியஸிலிருந்து 30 டிகிரிக்கு ஏறினால், வாயுவாகத் தப்பக்கூடிய அமோனியாவின் பங்கு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. நெதர்லாந்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டியது. மலேசியச் சமவெளியில் அது 27 டிகிரியை ஒட்டியது.

வெப்பம் மட்டுமல்ல, தீவனமும் மாறுகிறது. புரதம் மிகுந்த தீவனம் தின்னும் பசு, உபரி நைட்ரஜனைச் சிறுநீரில் யூரியாவாக வெளியேற்றும். சாணத்தில் உள்ள நொதி பட்டதும் அது விரைவில் அமோனியாவாகிவிடும். வைக்கோலையும் காய்ந்த புல்லையும் நம்பி வாழும் மாட்டின் நைட்ரஜனோ பெரும்பாலும் சாணத்திலேயே கட்டுண்டு, மெதுவாகத்தான் வெளியேறும். மழையும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் இடத்தில் திறந்தவெளிக் குவியலிலிருந்து நைட்ரேட் கரைந்து ஓடைக்குப் போய்விடும். ஆக, நம் நாட்டு இழப்பு எல்லா வகையிலும் அதிகம் என்றோ குறைவு என்றோ அளக்காமல் சொல்ல முடியாது.

அப்படியானால் சாணத்தைப் பதப்படுத்தினால் போதாதா? அதிலும் கவனம் தேவை. சாண எரிவாயுக் கலனுக்குள் நைட்ரஜன் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி அமோனியமாக மாறிவிடுகிறது. வெளியே வரும் கசடை மூடிய தொட்டியில் வைத்து மண்ணுக்குள் செலுத்தினால் நல்ல உரம். திறந்த குழியில் வெயிலில் காயவிட்டால் சேமித்தது அங்கேயே போய்விடும். மட்கு உரம் தயாரிக்கும்போது மரத்தூளோ வைக்கோலோ சேர்த்தால் இழப்பு குறையும். வெறும் சாணத்தைக் குவித்து அடிக்கடி கிளறினால் கூடும். இந்தியக் கிராமங்களில் சாணத்தை வறட்டியாகத் தட்டி எரிக்கும்போது, அதிலுள்ள நைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போகிறது.

ஆகவே, ஒரு நாட்டின் விழுக்காட்டை இன்னொரு நாட்டின் விழுக்காட்டோடு ஒப்பிடும் முன், அந்த எண் எதுவரை கணக்கிடுகிறது என்று கேட்க வேண்டும். மேலே சொன்ன 7 விழுக்காட்டைப் பார்த்து, அன்றாடம் வயலில் இடுவதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாம். அந்த எண்ணில் வயலில் நிகழும் இழப்பு சேரவில்லை. அது தனிக் கணக்கு. கொட்டகை, சேமிப்பு, வயல் ஆகிய மூன்றையும் கூட்டினால்தான் உண்மை தெரியும்.

இது ஆய்வுக்கூடத்தோடு முடியும் விவாதம் அன்று. நெதர்லாந்தில் 2019 மே மாதம், நைட்ரஜன் வெளியேற்றத்துக்கு அனுமதி வழங்கும் முறை செல்லாது என உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு தி ஹேக் நகருக்குத் திரண்டனர். சாணக் குழம்பை மண்ணுக்குள் செலுத்தும் முறையைப் பல்லாண்டுகளாகப் பின்பற்றும் நாட்டிலேயே, அளவீடும் கணக்கும் பண்ணைக் குடும்பங்களின் பிழைப்பைத் தீர்மானிக்கும் நிலை வந்தது.

நம் நாட்டில் மாடுகள் குறைவு, நமக்கு எதற்கு இந்தக் கவலை என்று சிலர் கேட்கலாம். 2022இல் உக்ரேன் போரை அடுத்து உர விலை எகிறியபோது, சிறு விவசாயிகளின் கையைக் கடித்தது இதே நைட்ரஜன்தான். கொட்டகையில் இலவசமாகக் கிடைப்பதைக் காற்றில் விட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்து வாங்குவது எந்த வகையில் நியாயம்? வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை வாங்கிப் பொருத்துவதற்கு முன், அது நம் வெயிலிலும் மழையிலும் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று தெரிய வேண்டாமா?

இதற்கான பொறுப்பு முதலில் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. வேளாண்மை, வேதியியல், சுற்றுச்சூழல் துறை மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வுகளில் உள்ளூர்ப் பண்ணைகள் இடம்பெற வேண்டும். அமிலக் கரைசலில் அமோனியாவைப் பிடித்து அளக்கும் எளிய முறையைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு குவியலை மூடியும் இன்னொன்றைத் திறந்தும் வைத்து, இரண்டு வாரம் அளந்து பாருங்கள். அந்த எண் சிறியதாக இருக்கலாம், ஆனால் அது நம் மண்ணில் நாமே அளந்த எண்.